பத்து மீட்டருக்கு ஒரு முறை

பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஹோன்காயர்வி ஏரிக்கரையில், தகரக் கொட்டகைக்குள்
ஒரு துளை.
என் இரண்டு உள்ளங்கை அகலம்,
இரண்டரைக் கிலோமீட்டர் ஆழம்.
கம்பி நுனியில் வெப்பமானியைக் கட்டி இறக்குகிறோம்
நானும் தௌனோவும்.

அக்டோபரிலிருந்து எங்களுக்குள் எண்கள் மட்டும்தான்.
அவன் கணக்கில் ஒரு பிழை.
பதினோரு பேர் முன்னால் எடுத்துக் காட்டினேன்.
பிழை பிழைதான்.
காட்டிய விதமும்தான்.

“அறுநூற்று நாற்பது” என்பான், ஆழத்தை.
“பன்னிரண்டு புள்ளி இரண்டு” என்பேன், சூட்டை.
பிறகு கம்பி உருளும் சத்தம்.

பத்து மீட்டருக்கு ஒரு முறை நிறுத்திக் காக்க வேண்டும்.
வெப்பமானிக்கும் சொந்தச் சூடு ஒன்று உண்டு,
அதை அது மறந்த பிறகுதான்
கல் பேசுவது கேட்கும்.

நீறு பூத்த நெருப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.
ஆனால் அடியில் நெருப்பென்று ஏதுமில்லை.
உலகம் திரண்டபோது மோதிய கற்களின் பழைய காய்ச்சல் பாதி,
யுரேனியம், தோரியம்,
பிறகு நான் மதியம் தின்ற உருளைக்கிழங்கிலும் இருக்கிற பொட்டாசியம்,
ஒவ்வோர் அணுவாக உடைந்து கசியவிடுவது மீதி.

வெகு ஆழத்தில் சூட்டுக்கு வாகனம் உண்டு.
அங்கே பாறை பாறையாகவே இருந்துகொண்டு
கோடி ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கூழ்போல் புரள்கிறது.
சூடு அதன் முதுகில் ஏறி வருகிறது,
இறக்கிவிட்ட பாறை ஆறிக் கனத்து
வந்த வழி திரும்புகிறது.

இங்கே, இந்தக் கிழட்டுக் கருங்கல் நாட்டில்,
கடைசி இருநூறு கிலோமீட்டருக்கு வாகனம் கிடையாது.
எந்தக் கல்லும் இடத்தை விட்டு அசையாது.
ஒரு துகள் நடுங்கிப் பக்கத்துத் துகளை நடுக்கும்,
அது அடுத்ததை.
கைமாற்று,
வட்டியில்லை, சீட்டில்லை,
யாரும் திருப்பிக் கேட்பதில்லை.
இப்படி வந்து சேர நூறு கோடி ஆண்டு.

அதற்குள் மேலே என்னென்னவோ நடந்துவிட்டது.
இந்த ஊரின் தலைமேல் இரண்டு கிலோமீட்டர் பனி கிடந்தது.
உருகிப் பத்தாயிரம் ஆண்டு தாண்டிவிட்டது.
ஏரிக்குத் தெரியும். பைன் மரங்களுக்குத் தெரியும்.
எதிர்க்கரைப் பெட்ரோல் பங்க்கில் பன் விற்கும் இர்மெலிக்குத் தெரியும்,
போன கோடை முப்பத்திரண்டு என்று விசிறிக்கொண்டாள்.
கல்லுக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை.
இருக்க வேண்டியதைவிட நாலு டிகிரி குறைவாகவே
நின்று காட்டுகிறது எங்கள் திரையில்.
அந்தக் குளிர் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

குளிர் என்று ஒரு பொருளே இல்லை,
சூட்டின் பற்றாக்குறைதான் அது
என்று தௌனோ திருத்துவான்,
பேசுவதாயிருந்தால்.

நேற்றுப் பதிவேட்டு ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டேன்,
வேலையில்லாத கணக்கு:
ஒரு சதுர மீட்டர் தரை வழியே வெளியேறும் சூட்டைச்
சிந்தாமல் பிடித்து வைத்தால்
ஒரு கோப்பைக் காபி கொதிக்க இருபத்திரண்டு நாள்.

இன்று பதிவேட்டைத் திறக்கிறேன்.
அதன் கீழே பென்சிலில், சாய்ந்த கையெழுத்து:
இரண்டு கோப்பை – 44.

நிமிர்ந்து பார்த்தேன்.
அவன் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
காது மட்டும் சிவந்து.
அது மைனஸ் இருபத்தாறாகவும் இருக்கலாம்.

“எண்ணூற்று இருபது” என்கிறான்.

திரையில் பதினாலு புள்ளி ஐந்து, ஆறு,
மறுபடி ஐந்து.
இன்னும் நிலைக்கவில்லை.

“பொறு” என்கிறேன்.
எண்ணல்லாத சொல்.
வாயிலிருந்து ஆவியாக வந்து
கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் நின்றது.